கழுத்தில் குழாய், நடுவே மலை

2025 ஆகஸ்டில் கேரளத்தை ஒரு செய்தி உலுக்கியது. 2023 மார்ச்சில் திருவனந்தபுரம் பொது மருத்துவமனையில் தைராய்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஓர் இளம்பெண்ணின் நெஞ்சுக்குள் மெல்லிய கம்பி ஒன்று கிடப்பது பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் தெரியவந்திருந்தது. சென்ட்ரல் லைன் போடும்போது குழாயை உள்ளே இட்டுச் செல்லும் கைடு ஒயர் அது. குழாய் உள்ளே போன கையோடு வெளியே வந்திருக்க வேண்டியது. சுகாதாரத் துறை நிபுணர் குழு அமைத்தது; வெளியே எடுக்கவும் முயன்றார்கள். ஒயரின் முனைகள் ரத்தக்குழாய்ச் சுவரோடு ஒட்டிப்போயிருந்ததால் அது கைகூடவில்லை.

தொலைக்காட்சி விவாதங்கள் யார் பொறுப்பு என்பதிலேயே சுற்றின. கேட்கப்பட வேண்டிய கேள்விதான். ஆனால் ஐ.சி.யூ.வில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. வழி தவறியது எப்போது தெரிந்தது, தெரிந்ததும் என்ன செய்தார்கள்? மையச் சிரைக்குப் போக வேண்டிய குழாய் வேறெங்கோ போய்விடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது, தேர்ந்த கைகளுக்கும் நடக்கிறது. நோயாளி நலமாக வீடு திரும்புவதும் பக்கவாதத்தோடு திரும்புவதும் பெரும்பாலும் அதற்கு அடுத்த சில நிமிடங்களில் தீர்மானமாகின்றன. பாலக்காட்டின் கிழக்கு ஓரத்திலும் இடுக்கியின் தமிழ் பேசும் மலைகளிலும் அந்தத் தீர்மானத்துக்குள் மலைச்சாலையும் மாநில எல்லையும் வந்து நுழைந்துகொள்கின்றன.

சென்ட்ரல் லைன் என்பது கழுத்து, காறை எலும்பின் அடி அல்லது தொடை வழியாக நுழைத்து, இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெருஞ்சிரைவரை கொண்டுபோகும் குழாய். கைச்சிரை தாங்காத மருந்துகளை ஏற்றவும், டயாலிசிஸ் செய்யவும், கையில் சிரையே கிடைக்காதபோது உயிர் காக்கவும் இது வேண்டும். 1929-ல் பெர்லினுக்கு அருகே எபர்ஸ்வால்டே என்ற ஊரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர் தன் கைச்சிரை வழியே 65 செ.மீ. குழாயை இதயம்வரை செலுத்திக்கொண்டு, எழுந்து நடந்து எக்ஸ்ரே அறைக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார். மேலதிகாரிகள் கடிந்துகொண்டார்கள், 1956-ல் நோபல் பரிசு வந்தது. குழாய் எங்கே போயிருக்கிறது என்பதைப் படம் எடுத்துப் பார்த்த பிறகே நம்பினார் என்பது அந்தத் துணிச்சல் கதையில் யாரும் கவனிக்காத பகுதி. இன்று உலகெங்கும் பயன்படும் முறை 1953-ல் ஸ்வீடனின் ஸ்வென்-இவார் செல்டிங்கர் தந்தது. முதலில் ஊசி, ஊசி வழியே ஒயர், ஊசியை உருவிவிட்டு ஒயரின் மேல் வழியை அகலப்படுத்தும் டைலேட்டர், அதன்பின் குழாய், கடைசியில் ஒயர் வெளியே. ஒவ்வொரு படியிலும் தவற ஓர் இடம் இருக்கிறது.

எல்லைப்புறத்தில் இந்தக் குழாய் யாருக்குத் தேவைப்படுகிறது என்று பார்த்தால் அந்த மண்ணின் நோய்க்கணக்கே கிடைத்துவிடும். சித்தூர், கொழிஞ்சாம்பாறை வயல்களில் கண்ணாடி விரியன் கடித்தோ எலிக்காய்ச்சல் வந்தோ சிறுநீரகம் நின்றுபோனவர்கள். உடும்பன்சோலை ஏலக்காட்டில் பூச்சிமருந்து உடம்புக்குள் போய் வென்டிலேட்டருக்கு வந்தவர்கள். அட்டப்பாடியில் அரிவாள் செல் ரத்தசோகையால் அடிக்கடி ஊசி குத்திக் குத்திக் கைச்சிரைகள் எல்லாம் தீர்ந்துபோனவர்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் டயாலிசிஸுக்குப் பேருந்து ஏறும் தோட்டத் தொழிலாளிகள்.

இவர்களோடு மலைக்கே உரிய ஒரு பாம்பையும் சேர்க்க வேண்டும். மூக்கு நுனி மேலே தூக்கியிருக்கும் சிறிய குழிவிரியன். மலையாளத்தில் முழமூக்கன் குழிமண்டலி. அது உயிருக்கே உலை வைக்கும் என்பதை இந்தியாவில் முதன்முதலாக உறுதிசெய்த ஆய்வு 2007-ல்தான் வந்தது, அதுவும் கேரளத்து நோயாளிகளை வைத்து, அங்கமாலி மருத்துவர்கள் பங்கெடுத்த ஆய்வு. அந்த விஷம் ரத்தம் உறையாமல் செய்கிறது, சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கு எதிராகச் செய்யப்படுவது. இதற்கு அது பலிப்பதில்லை. ஆக, டயாலிசிஸ் செய்துதான் தீர வேண்டும், அதற்குக் கழுத்தில் பெரிய ஊசியும் போட்டுத்தான் தீர வேண்டும், ரத்தமோ உறையாது. குழாய் இடம் தவறினால் இவரைவிட அதிக விலை கொடுப்பவர் வேறில்லை. இப்படிப்பட்ட நோயாளிக்குக் காறை எலும்புக்கு அடியில் குத்தக் கூடாது. அங்கே ரத்தம் கசிந்தால் விரல் வைத்து அழுத்த வழியில்லை, எலும்பு குறுக்கே நிற்கிறது. கழுத்தோ தொடையோதான், அதுவும் அல்ட்ராசவுண்ட் பார்த்துத்தான்.

தவறுகளில் மிகக் கொடியது, சிரைக்குப் போக வேண்டிய குழாய் தமனிக்குள் போவது. கழுத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டே ஓடுகின்றன; பலருக்குச் சிரை தமனியின் மேலேயே படுத்திருக்கும். ஊசி தமனியில் பட்டால் சிவந்த ரத்தம் துடித்துக்கொண்டு பீறிடும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அதிர்ச்சி நிலையில் ரத்த அழுத்தம் 60-க்குக் கீழே கிடக்கும் நோயாளிக்கு, ஆக்ஸிஜனும் குறைந்துவிட்டால், தமனி ரத்தமும் கருத்து, மெதுவாகச் சொட்டும். சென்ட்ரல் லைன் மிகவும் தேவைப்படுகிறவர் இவர்தான்; நிறத்தைப் பார்த்து ஏமாறுவதும் இவரிடம்தான். அதனால்தான் டைலேட்டரை நுழைப்பதற்கு முன்பே, ஒயர் சிரைக்குள் இருப்பதை அல்ட்ராசவுண்டில் கண்ணால் பார்ப்பது அல்லது ஊசியில் ஒரு டியூபை மாட்டி ரத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்ப்பது என்ற வழக்கம் வந்தது. பின்னதற்கு மின்சாரம்கூட வேண்டாம். ஒரு மலையோர தாலுகா மருத்துவமனையில் இதைச் செய்யாமலிருக்கக் காரணம் எதுவும் இல்லை.

வெறும் ஊசி மட்டும் தமனியில் பட்டிருந்தால் உருவிவிட்டுப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். டைலேட்டரோ குழாயோ உள்ளே போய்விட்டால் கதையே வேறு. சாதாரண மூன்று வழிக் குழாய் 7 பிரெஞ்ச், அதாவது இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். டயாலிசிஸ் குழாய் 12 பிரெஞ்ச், நான்கு மில்லிமீட்டர். தமனிச் சுவரில் அந்த அளவு ஓட்டை. தவறு தெரிந்ததும் யாருடைய கையும் முதலில் செய்ய நினைப்பது குழாயை உருவி எடுப்பதைத்தான். அதுதான் செய்யக் கூடாதது.

2008-ல் மாண்ட்ரியல் மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளையும் அதுவரை வெளியான நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். குழாயை இழுத்தெடுத்து அழுத்திப் பிடித்த முறையில் 47 சதவீதம் பேருக்குப் பெரிய சிக்கல்கள் வந்திருந்தன: கழுத்துக்குள் ரத்தம் கட்டி மூச்சுக்குழல் நசுங்கியது, பக்கவாதம், தமனியில் பொய்ப்புடைப்பு, சாவும்கூட. குழாயை அப்படியே விட்டுவைத்து அறுவை சிகிச்சை மூலமோ ரத்தக்குழாய் வழி சிகிச்சை மூலமோ சரிசெய்தவர்களில் ஒருவருக்கும் அப்படி நேரவில்லை. அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கத்தின் 2012, 2020 வழிகாட்டுதல்கள் இரண்டும் இதையே சொல்கின்றன: பெரிய குழாய் தமனிக்குள் போனால் அங்கேயே விடு, அறுவை மருத்துவரையோ ரத்தக்குழாய் வல்லுநரையோ உடனே கூப்பிடு. குழாய் தான் போட்ட ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதே காரணம். கழுத்துத் தமனி என்றால் பெரும்பாலும் திறந்து தைப்பார்கள். காறை எலும்புக்கு அடியில் என்றால் உறையிட்ட ஸ்டென்ட்டோ தமனியை உள்ளிருந்தே மூடும் கருவியோ பயன்படும்.

இந்த அறிவுரைகள் எல்லாம் வல்லுநர் இரண்டு மாடி தள்ளி இருக்கும் கட்டடத்தில் எழுதப்பட்டவை. மூணாறில் அர்த்தம் மாறுகிறது. அங்கிருந்து கொச்சி ஏறத்தாழ 130 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். தேனி மருத்துவக் கல்லூரி இருக்கும் கானாவிலக்குக்குப் போடிமெட்டு வழியே 17 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும்; மழைக்காலத்தில் அந்தப் பாதையிலுள்ள கேப் ரோட்டில் மண் சரிந்தால் அந்த வழியும் அடைபடும். இடுக்கி மாவட்டத்தில் ரயில் கிடையாது. பைனாவில் 2014-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி அங்கீகாரம் இழந்து, 2022-ல்தான் மீண்டும் மாணவர்களைச் சேர்த்தது. கழுத்துத் தமனிக்குள் குழாயை விட்டுவைப்பது என்பது இங்கே நான்கு மணி நேரம் விட்டுவைப்பது. அந்த நான்கு மணி நேரத்தில் குழாயைச் சுற்றி ரத்தம் உறைந்து, துணுக்கு ஒன்று மூளைக்குப் போகலாம். இழுத்தால் கழுத்து வீங்கும், விட்டால் மூளை அடைபடலாம் என்ற இந்த இக்கட்டைப் பற்றிப் புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை.

ஆனாலும் கணக்கு விட்டுவைக்கும் பக்கமே சாய்கிறது. மலைமேல் கழுத்துக்குள் ரத்தம் கட்டினால் மூச்சுக்குழாய் போட்டுக் காப்பாற்றுவதே பெரும்பாடு. ஆம்புலன்ஸில் அது நடந்தால் சொல்லவே வேண்டாம். எனவே பயணத்துக்கு முன் செய்ய வேண்டியவை தெளிவானவை. குழாயைத் தோலோடு தைத்து அசையாமல் வைப்பது. எல்லா வாயையும் மூடி, தமனியில் இருக்கிறது, எதுவும் ஏற்றாதே என்று குழாயின் மேலேயே எழுதி ஒட்டுவது. ரத்த அழுத்த மருந்துக்கு வேறு கைச்சிரை பார்ப்பது. உறைவு தடுக்கும் மருந்து கொடுக்கலாமா, குழாய்க்குள் அழுத்தத்தோடு சலைன் ஓட விடலாமா என்பதைப் போகிற இடத்து மருத்துவரிடமே தொலைபேசியில் கேட்டு முடிவெடுப்பது. விரியன் கடித்தவருக்கும் மாரடைப்புக்காரருக்கும் இதற்கு ஒரே பதில் கிடையாது. கை கால் அசைவு, பேச்சு எப்படி இருக்கிறது என்று கிளம்பும்போதே குறித்து வைப்பதும் முக்கியம். இறங்கிய பின் பக்கவாதம் தெரிந்தால் அது எப்போது வந்தது என்பதற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி.

எந்த ஊருக்கு அனுப்புவது என்பதும் எளிதாக முடிவாவதில்லை. மறையூர்க்காரர் சின்னாறு வழியே உடுமலைப்பேட்டைக்கு இறங்குவார். குமுளிக்காரருக்குக் கம்பமும் தேனியும். அகளிக்காரருக்கு மன்னார்க்காடு மலைப்பாதையைவிட ஆனைகட்டி வழியே கோவை சுலபம். வாளையார்க்காரருக்குக் கோவை கூப்பிடு தூரம். அவசரத்தில் மக்கள் தூரத்தைப் பார்க்கிறார்கள், 108 ஆம்புலன்ஸோ தன் மாநிலத்தைப் பார்க்கிறது. கேரளத்தின் காருண்யா காப்பீடும் தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் தனித்தனி அட்டைகள். 2020 கொரோனா ஊரடங்கில் வாளையாரிலும் குமுளியிலும் போடிமெட்டிலும் சோதனைச் சாவடிகள் மூடியபோது, இந்த எல்லை காகிதத்தில் மட்டும் இருக்கிற எல்லை அல்ல என்று எல்லோருக்கும் புரிந்தது. கழுத்தில் குழாயோடு கிளம்புகிறவருக்கு அருகில் ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் எங்கே இருக்கிறார் என்ற பட்டியல் இரு மாநிலத்தையும் சேர்த்துப் போடப்பட்டு, டூட்டி டாக்டரின் மேசை மேல் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். கோவையும் கொச்சியும் மதுரையும் கோட்டயமும் ஒரே தாளில்.

நுரையீரல் காயம் இதைவிட அதிகம் காணப்படுவது, சமாளிக்கவும் எளியது. ஊசி நெஞ்சு உறைக்குள் போனால் காற்றோ ரத்தமோ அங்கே சேரும். 2015-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்று 3,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் மூன்று இடங்களையும் ஒப்பிட்டது. காறை எலும்பு வழியில் தொற்றும் ரத்தக்கட்டும் குறைவு. ஆனால் நெஞ்சில் குழாய் போட வேண்டிய அளவுக்குக் காற்று சேர்ந்தது அங்கே 1.5 சதவீதம், கழுத்தில் 0.5 சதவீதம். தானாக மூச்சுவிடும் நோயாளிக்குக் கொஞ்சம் காற்று சேர்ந்திருந்தால் ஆக்ஸிஜன் கொடுத்து, மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பொறுத்திருக்கலாம். வென்டிலேட்டரில் இருப்பவருக்கும், மலை இறங்கப் போகிறவருக்கும் பொறுத்திருக்கக் கூடாது. கிளம்பும் முன்பே காற்றை வெளியேற்றும் நெஞ்சுக்குழாயை (ஐ.சி.டி.) போட்டுவிட வேண்டும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்கும்போது சிக்கிய காற்று சற்றே சுருங்கும் என்பது இயற்பியல் தரும் சின்னச் சலுகை. வென்டிலேட்டர் ஒவ்வொரு மூச்சுக்கும் புதுக்காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கையில் அதை நம்பி வண்டி ஏற முடியாது.

குழாய் சிரைக்குள்தான் இருக்கிறது, ஆனால் தவறான சிரைக்குள் என்றால் பதற்றம் தேவையில்லை. அவசரப்பட்டு மருந்து ஏற்றாமல் இருந்தால் போதும். காறை எலும்பு வழியே போட்ட குழாய் கீழே இறங்காமல் கழுத்தை நோக்கி மேலே ஏறுவது உண்டு, எதிர்ப் பக்கத்துக்குப் போவதும் உண்டு. ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்குப் பிறவியிலேயே இடப்பக்கம் இன்னொரு பெருஞ்சிரை இருக்கும். அவர்களின் எக்ஸ்ரேயில் குழாய் நெஞ்சின் இடது ஓரமாக இறங்கி, தமனிக்குள் போய்விட்டதோ என்று பார்ப்பவரைக் கலங்கடிக்கும். அப்போது குழாயிலிருந்து எடுத்த ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவையும் அழுத்தத்தையும் பார்த்தால் குழப்பம் தீரும். முனை இதயத்துக்குள் ஆழமாகப் போய்த் துடிப்பு தாறுமாறானால் இரண்டு மூன்று செ.மீ. பின்னிழுத்தால் சரியாகும்.

குழாய் ரத்தக்குழாயையே துளைத்துக்கொண்டு வெளியே போவதுதான் ஏமாற்றக்கூடியது. குழாயின் ஒரு வாயில் ரத்தம் வரும். இன்னொரு வாய் நெஞ்சு உறைக்குள்ளோ இதய உறைக்குள்ளோ திறந்திருக்கும். சலைன் ஏற ஏற ரத்த அழுத்தம் விழும். விழுகிறதே என்று இன்னும் ஏற்றுவார்கள். இந்த வளையத்தை உடைக்க ஒரே வழி, குழாய் போட்டபின் நிலைமை மோசமானால் முதலில் குழாயைச் சந்தேகிப்பது. ஏற்றுவதை நிறுத்தி, அதே குழாய் வழியே திரவத்தை உறிஞ்சிப் பார்த்து, எக்கோவில் இதயத்தைச் சுற்றி நீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதயம் அமுங்கியிருந்தால் ஊசியால் வடிப்பது உயிர் காக்கும். பெரிய டயாலிசிஸ் குழாய் பெருஞ்சிரையைத் துளைத்திருந்தால் இங்கும் அதே விதிதான்: எடுக்காதே.

பச்சிளங்குழந்தைகளிடம் குழாயின் இடம் இன்னும் நுட்பமான விஷயம். 2013-ல் அட்டப்பாடியின் சிசு மரணங்கள் நாடு முழுக்கச் செய்தியாயின. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளைப் பற்றிய பேச்சு அதன்பின் அங்கே ஓயவில்லை. அப்படிப்பட்ட குழந்தைக்குத் தொப்புள் சிரை வழியே போடும் குழாய் கல்லீரலுக்குள் திரும்பிவிட்டால், அங்கே ஏறும் சத்துத்திரவம் கல்லீரலையே புண்ணாக்கும். அதிகம் உள்ளே போனால் இதய உறையில் நீர் கோக்கும். ஒரு கிலோ எடையுள்ள குழந்தையிடம் அரை சென்டிமீட்டர்கூட ஒரு பெரிய தவறு. குழந்தையின் கை மடங்கினாலும் கால் நீண்டாலும் கை, கால் வழியே போட்ட நீளக்குழாயின் முனை நகரும் என்பதால், போட்ட அன்று எடுத்த எக்ஸ்ரே மூன்றாம் நாளுக்குச் செல்லாது.

ஒயர் உள்ளே நழுவுவது எண்ணிக்கையில் அரிது, காரணத்தில் மிகச் சாதாரணம். குழாயை முன்னே தள்ளும்போது ஒயரின் வால் கையில் இருக்க வேண்டும். நள்ளிரவு, தனியாள், இடையில் வேறொரு நோயாளிக்கு மாரடைப்பு என்றால் கை விட்டுப்போகும். குழாயின் ஒரு வாயில் மட்டும் ரத்தம் வராமல் அடைப்பது முதல் அறிகுறி. நழுவியது அன்றே தெரிந்துவிட்டால், தொடை வழியே சுருக்குக் கம்பி அனுப்பிக் கண்ணி போட்டு இழுத்துவிடுவார்கள். கீறல்கூட இல்லாமல் முடிகிற வேலை. ஆண்டுக்கணக்கில் கிடந்தால் சிரைச் சுவர் அதன்மேல் வளர்ந்து மூடிக்கொள்கிறது, பிடுங்கினால் சுவரே கிழியலாம். திருவனந்தபுரத்து நிகழ்வு காட்டியது இந்த வேறுபாட்டைத்தான். உபகரணத் தட்டில் ஊசியை எண்ணுவதுபோல் ஒயரையும் எண்ணி, ஒயர் வெளியே வந்தது என்று இரண்டாம் ஆள் கையெழுத்திடும் வழக்கம் இருந்தால் அது அன்றே அகப்பட்டிருக்கும். இது காசு செலவாகாத சீர்திருத்தம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநில ஐ.சி.யூ.க்களில் பீட்டர் பிரனோவோஸ்ட் தொடங்கிய ஐந்து அம்சச் சரிபார்ப்புப் பட்டியல், குழாய்வழித் தொற்றை எவ்வளவு குறைத்தது என்பது 2006-ல் வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அந்தத் திட்டத்தில், படி ஒன்றை டாக்டர் விட்டுவிட்டால் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் நர்ஸுக்குத் தரப்பட்டது. பட்டியலை நம் மருத்துவமனைகள் நகலெடுத்துச் சுவரில் மாட்டியிருக்கின்றன. அந்த அதிகாரத்தை நகலெடுத்த இடம் குறைவு.

குழாயை எடுக்கும்போதும் ஆபத்து உண்டு. நோயாளியை உட்கார வைத்து உருவினால், மூச்சிழுக்கும் நொடியில் அந்தத் துளை வழியே காற்று சிரைக்குள் போய் இதயத்தை அடைக்கலாம். படுக்க வைத்து, தலையைச் சற்றுத் தாழ்த்தி, மூச்சை அடக்கச் சொல்லி உருவி, காற்றுப் புகாத ஒட்டுப் போட வேண்டும். அப்படியும் காற்றுப் போனால் இடப்பக்கமாகச் சாய்த்துத் தலையைத் தாழ்த்தி, முழு ஆக்ஸிஜன்.

இவ்வளவு தவறுகளில் பாதியையாவது தடுக்கக்கூடிய கருவி அல்ட்ராசவுண்ட். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2002-லேயே கழுத்துக் குழாய்க்கு அதைப் பரிந்துரைத்துவிட்டது. இந்தியாவில் அந்தப் பெட்டிக்கு இன்னொரு வரலாறு உண்டு. பெண் சிசுக்களைக் கருவிலேயே கண்டுபிடித்து அழிப்பதைத் தடுக்க வந்த 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு ஸ்கேன் இயந்திரமும் பதிவாக வேண்டும். தூக்கிச் செல்லும் கருவிகளுக்கு 2012-ல் விதிகள் மேலும் இறுகின. கழுத்துச் சிரையை மட்டும் பார்க்கிற மயக்க மருத்துவரும் அதே பதிவேடுகளுக்குள் வருகிறார். சட்டத்தின் நோக்கத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் பெரிய மருத்துவமனைக்கு ஒரு குமாஸ்தா செய்து முடிக்கும் காகித வேலை, மூன்று டாக்டர் இருக்கும் மலை மருத்துவமனைக்கு இயந்திரத்தை ஸ்கேன் அறையைவிட்டு வெளியே எடுக்காமலிருக்கப் போதுமான காரணமாகிவிடுகிறது. ஐ.சி.யூ.வில் சிரை தேடும் கருவிக்கு எளிய தனிப் பதிவு வகை ஒன்றை ஏற்படுத்துவது அரசுகளால் ஆகாத காரியம் அல்ல.

கருவி இல்லாத இடத்தில் எதற்கு அவசரம் என்ற கேள்வியும் நியாயமானது. ரெஃபர் பண்ணுவதற்கு முன் ஒரு சென்ட்ரல் லைன் போட்டு அனுப்புவது நல்ல சிகிச்சையின் அடையாளம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. கடும் தொற்றுநிலையான செப்சிஸுக்கு 2021-ல் வெளியான உலகளாவிய வழிகாட்டுதல், சென்ட்ரல் லைனுக்காகக் காத்திராமல் ரத்த அழுத்த மருந்தைக் கைச்சிரையிலேயே தொடங்கலாம் என்கிறது. முழங்கை மடிப்பில் நல்ல சிரை ஒன்றைப் பிடித்து, அதைப் பார்த்துக்கொண்டே மூன்று மணி நேரம் பயணம் செய்வது, கழுத்தில் குருட்டாம்போக்கில் குத்துவதைவிடப் பாதுகாப்பானது. அதுவும் கிடைக்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் ஊசி போடும் வழி இருக்கிறது. போடாத குழாய் வழி தவறுவதில்லை.

பேச்சு மொழியும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை, சித்தூர் தாலுகாக்களின் தமிழர்களுக்கு அரசோடு தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்தக் கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. ஒப்புதல் படிவமோ ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ வருகிறது. தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து வந்த மகன் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்பா கழுத்தில் எதற்குக் குழாய் என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் கேட்கிறான். குழாய் தவறிப்போனால் அதைச் சொல்வதும் அதே மொழியில்தான் நடந்தாக வேண்டும். உள்ளே வைத்தே அனுப்புகிறோம், யாரும் இழுத்துவிடாதீர்கள் என்பதை ஆம்புலன்ஸில் கூடவே போகிற உறவினர் புரிந்துகொள்ளாவிட்டால், நோயாளி இருமும்போதோ புரளும்போதோ நடக்கக்கூடியதை எந்த வழிகாட்டுதலும் தடுக்காது.

மறைப்பதற்கும் அவசரமாக இழுப்பதற்கும் பின்னால் வழக்குப் பயம் இருக்கிறது. அந்தப் பயத்தின் அளவு சட்டத்தின் அளவைவிடப் பெரியது. 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், டாக்டர் மேல் குற்ற வழக்குத் தொடுக்கச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, படுமோசமான கவனக்குறைவு வேண்டும் என்றது. அறியப்பட்ட ஒரு சிக்கல் நேர்வது தானாகவே அலட்சியம் ஆகிவிடாது. நேர்ந்தபின் எக்ஸ்ரே எடுக்காமலிருப்பதும், எடுத்த படத்தைப் பார்க்காமலிருப்பதும், பார்த்ததைச் சொல்லாமலிருப்பதும்தான் நீதிமன்றத்தில் நிற்க முடியாதவை. நோயாளி பக்கமும் ஒரு சிக்கல் உண்டு. 1995-ன் வி.பி. சாந்தா தீர்ப்புப்படி எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. ஆகவே அரசு மருத்துவமனையில் பாதிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளி சிவில் நீதிமன்றத்துக்கோ மனித உரிமை ஆணையத்துக்கோ போக வேண்டும். எஸ்டேட்டில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போகிறவருக்கு இரண்டுமே தொலைவு.

இந்த வட்டாரத்தில் குழாய்களின் எண்ணிக்கையையே குறைக்க முடிகிற ஒரு கூட்டம் இருக்கிறது: நாட்பட்ட சிறுநீரக நோயாளிகள். நியூயார்க் பிராங்க்ஸ் மருத்துவர்கள் 1966-ல் அறிமுகப்படுத்திய, கைத்தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலாவை முன்கூட்டியே செய்துவைத்தால் கழுத்துக் குழாய் தேவையில்லை. அது பழுத்துப் பயன்பட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். டயாலிசிஸ் தொடங்க இன்னும் ஆறு மாதம் இருக்கிறது என்று மலைமேலுள்ள காந்தல்லூர்க்காரருக்கு ரத்தப் பரிசோதனை சொல்லும்போதே அவரைக் கீழே அனுப்பி அதைச் செய்துவிட வேண்டும். எழுதுகிற கையல்லாத மற்றக் கையில் இனி யாரும் ட்ரிப் போடக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது என்றும் சீட்டில் எழுத வேண்டும். பெரும்பாலானவர்கள் மூச்சு முட்டி, கால் வீங்கி, நள்ளிரவில் காஷுவாலிட்டிக்கு வந்து சேர்கிறார்கள். அப்போது கழுத்தைத் தவிர வேறு வழியில்லை. முன்பு எப்போதோ காறை எலும்புக்கு அடியில் போட்ட பழைய டயாலிசிஸ் குழாய் அந்தச் சிரையைச் சுருக்கியிருந்தால், அந்தப் பக்கத்துக் கையில் ஃபிஸ்டுலா செய்தாலும் கை வீங்குமே தவிர டயாலிசிஸுக்கு உதவாது. எந்தக் குழாய் எப்போது, எந்தப் பக்கம் போடப்பட்டது என்ற அந்த விவரம் வேண்டியிருப்பது கோவையிலோ கோட்டயத்திலோ ஃபிஸ்டுலா செய்யும் மருத்துவருக்கு. இப்போதைக்கு அது மலைமேல் ஏதோ ஒரு மருத்துவமனையின் பழைய கேஸ் ஷீட்டில் கிடக்கிறது.